கழற்றி மாட்டும் ஹோஸ் உள்ள டைவ் கம்ப்யூட்டர்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

ஸ்கூபா டைவிங்கில் ஆழம், நேரம் எல்லாம் கணக்கிட்டுக் காட்டும் கருவிதான் டைவ் கம்ப்யூட்டர். அதில் ஹோஸில் மாட்டும் வகையை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது திரையைப் பற்றி. கலர் திரையா, எந்த அல்காரிதம், எத்தனை கேஸ் (சுவாசிக்கும் வாயுக் கலவை) போடலாம் என்று அடுத்தடுத்து கேள்விகள் வரும். பல வருடம் இப்படி ஒன்றோடு கடலில் இறங்கியவன் என்ற முறையில் என்னுடைய முதல் கேள்வி வேறு. ஹோஸைக் கழற்றி மாட்டும் இணைப்பின் உதிரிபாகங்கள் இன்னும் சில வருடம் கழித்தும் கிடைக்குமா? மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தருவது ரெகுலேட்டர். அதில் சிலிண்டர் வால்வோடு சேரும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் ஹை பிரஷர் போர்ட் (உயர் அழுத்தத் துளை) ஒன்றோ இரண்டோ இருக்கும். சிலிண்டருக்குள் என்ன அழுத்தமோ அதுவே அங்கேயும். அதிலிருந்து வரும் ஹோஸின் நுனியில் சாதாரணமாக முள் வைத்த கேஜ் தொங்கும். ஏர் இன்டெகிரேட்டட் கம்ப்யூட்டரில் கேஜின் இடத்தில் கன்சோல் இருக்கும். அதற்குள்ளேயே அழுத்த சென்சார். ஆழம், நேரம், டீகோ கணக்கு (மேலே ஏறும் வழியில் எங்கே, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது), மீதிக் காற்று எல்லாம் ஒரே திரையில் வந்துவிடும். இந்தக் கன்சோல் சில மாடல்களில் ஹோஸோடு நிரந்தரமாக முடுக்கப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் நடுவே ஒரு குவிக் டிஸ்கனெக்ட் இருக்கும். அதன் வளையத்தைப் பின்னுக்கு இழுத்தால் கன்சோல் தனியாக வந்துவிடும். சூன்ட்டோவின் கோப்ரா வரிசையும் ஓஷியானிக்கின் புரோ பிளஸ் வரிசையும் இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர்கள்.

இந்தக் காலத்தில் ஏன் ஹோஸ், சிலிண்டர் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் அனுப்பும் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் இருக்கிறதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டிரான்ஸ்மிட்டர் வைத்தால் ஒரு ஹோஸ் குறையும், கையில் கட்டிக்கொண்டு பார்க்கலாம், உடம்போடு ஒட்டி நீந்த வசதி. ஆனால் அதற்கென்று தனி பேட்டரி வேண்டும். CR2, CR123 என்று மாடலுக்கு மாடல் மாறும். ஸ்ட்ரோப் (கேமரா ஃபிளாஷ்) அடிக்கும்போதும் நீரடி ஸ்கூட்டர் ஓடும்போதும் சில மாடல்களில் சிக்னல் சற்று நேரம் விட்டுப்போகும். அப்புறம் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் துருத்திக்கொண்டு நிற்பதால், படகில் உதவிக்கு வருபவர் அதைக் கைப்பிடி என்று நினைத்துச் சிலிண்டரைத் தூக்கிவிடுவார். பார்த்திருக்கிறேன், வயிறு கலங்கும். ஹோஸில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வால்வைத் திறந்தால் எண் வரும், அவ்வளவுதான். ஜோடி சேர்ப்பது, சேனல் மாற்றுவது என்ற வேலையே கிடையாது.

சரி, கழற்ற முடிவதால் என்ன லாபம்? விமானப் பயணம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ரெகுலேட்டர் சரக்குப் பெட்டியில் போனாலும் கம்ப்யூட்டரைக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய லாபம் சர்வீஸ் நேரத்தில்தான். ரெகுலேட்டரை ஓவர்ஹாலுக்கு அனுப்பும்போது, நிரந்தர இணைப்பு உள்ளவர்கள் கம்ப்யூட்டரையும் சேர்த்து அனுப்ப வேண்டும், இல்லையென்றால் ஸ்பேனர் எடுத்துப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு முறை பிரித்து மாட்டும்போதும் உள்ளே இருக்கும் குட்டி ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) கொஞ்சம் அடிவாங்கும். என்னுடையதில் வளையத்தை இழுத்தால் முடிந்தது. ரெகுலேட்டர் ஒர்க்‌ஷாப்பில் வாரக்கணக்கில் கிடக்கட்டும், கம்ப்யூட்டர் என் மேஜையில் இருக்கும். பழைய டைவ்களின் பதிவை நிதானமாக இறக்கிக்கொள்ளலாம்.

வாடகை ரெகுலேட்டர் எடுக்கும் நிலைமை வந்தாலும் இது கைகொடுக்கும். ஹோஸை மட்டும் அந்த ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் முடுக்கச் சொன்னால் போதும். ஹை பிரஷர் ஹோஸின் நட்டுக்குப் பொதுவாக 16 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும். போர்ட்டின் மரை (திரெட்) 7/16 அங்குலம் என்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிலும் ஒன்றுதான். ஒத்துப்போகாதது ஹோஸின் மறுமுனை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில், கையேட்டில் தடித்த எழுத்தில் இருந்தும் பலர் தாண்டிப்போகும் விதி. அழுத்தம் இருக்கும்போது இணைப்பைக் கழற்றவும் கூடாது, மாட்டவும் கூடாது. குவிக் என்ற பெயரைப் பார்த்து, பிசிடி (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டை) ஹோஸைக் கழற்றுவது போல எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பிசிடி ஹோஸில் இருப்பது சுமார் 10 பார். இங்கே இருப்பது 200 பார். நான் எப்போதும் செய்வது இதுதான்: வால்வை மூடுவேன், வாயில் வைக்கும் செகண்ட் ஸ்டேஜின் பர்ஜ் பொத்தானை அழுத்திக் காற்றை முழுக்க வெளியேற்றுவேன், திரையில் அழுத்தம் பூஜ்யம் என்று கண்ணால் பார்ப்பேன், பிறகே வளையத்தில் கை வைப்பேன். வளையம் நகர மறுத்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்; பலம் காட்டக் கூடாது.

அதேபோல, இரண்டு டைவ்களுக்கு நடுவே கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. சிலிண்டர் மாற்றும்போது ரெகுலேட்டரோடு கன்சோலும் சேர்ந்து புதிய சிலிண்டருக்குப் போகும். ஆடும் படகில் ஈரக் கையோடு கழற்றினால் இணைப்புக்குள் உப்புத் தண்ணீர் ஒரு துளி போதும், காய்ந்து படிகமாகிவிடும். மணல் இன்னும் மோசம், ஓ-ரிங்கை அறுத்துவிடும். நான் கழற்றுவது பயணம் முழுக்க முடிந்து, எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்த பிறகுதான். அலசும்போது இணைப்பு மாட்டியபடியே இருக்கும். கழற்றியதும் இரண்டு முனைக்கும் மூடி போட்டுவிடுவேன். அந்த மூடிகள் தொலைந்துபோகும் வேகத்தைப் பார்த்தால், கம்பெனிக்காரர்கள் அவற்றை ஒரு கயிற்றில் கட்டியாவது கொடுத்திருக்கலாம் என்று தோன்றும்.

கசிவு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கும் முன் எல்லோருக்கும் இருக்கும் பயம் அதுதான். கூடுதலாக ஒரு இணைப்பு என்றால் கூடுதலாக ஒரு கசிவு இடம்தானே? தர்க்கப்படி ஆமாம். ஆனால் என் அனுபவத்தில் குவிக் டிஸ்கனெக்ட் ஒருநாளும் கசியவில்லை. கசிந்தது கன்சோல் திரும்பும் ஸ்விவல். கன்சோலை நம் பக்கம் திருப்பிப் பார்க்க வசதியாக, ஹோஸ் நுனியில் ஸ்பூல் என்று ஒரு சின்ன உலோகக் குழல் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் 003 அளவில் மிகச் சிறிய ஓ-ரிங். ஒவ்வொரு முறை கன்சோலைத் திருப்பும்போதும் அந்த ஓ-ரிங்குகள் தேயும். முள் கேஜிலும் இதே கதைதான், கம்ப்யூட்டரின் குற்றம் இல்லை. ஊசி முனை அளவுக் குமிழ்கள் வரிசையாக ஏறுவதை என் கூட வந்தவர்தான் முதலில் கவனித்துக் காட்டினார். டெக்னீஷியன் ஸ்பூலையே மாற்றிக் கொடுத்தார். சின்ன வேலை.

இந்த ஹோஸே வெடித்துவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்பார்கள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் ஹை பிரஷர் போர்ட்டுக்குள் இருக்கும் துளை மிக மிகச் சிறியது, வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள். அதனால் இந்த ஹோஸ் போனால் சத்தமும் குமிழும் பயமுறுத்தும், ஆனால் லோ பிரஷர் ஹோஸ் வெடிப்பதைவிட மெதுவாகவே சிலிண்டர் காலியாகும். நிதானமாக மேலே வர நேரம் கிடைக்கும். வரத்தான் வேண்டும், தொடரக் கூடாது.

ஹோஸையும் அவ்வப்போது வளைத்துப் பார்க்க வேண்டும். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பக்கம் பாதுகாப்புக்கென்று போட்டிருக்கும் ரப்பர் உறைக்குள்தான் உப்பு சேரும். உறையை இழுத்து நகர்த்தி, உலோகம் ரப்பரைப் பிடித்திருக்கும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உறை இருப்பதாலேயே யாரும் பார்க்காத இடம் அது.

இப்போது மறுமுனை. ஒரு நிறுவனத்தின் குவிக் டிஸ்கனெக்ட் இன்னொரு நிறுவனத்தோடு பொருந்தும் என்று நம்ப முடியாது. வெளியே பார்த்தால் அச்சு அசல் ஒன்று போலவே இருக்கும், உள்ளே விட்டம் வேறு. ஒரே நிறுவனத்திலும் பழைய மாடலும் புதிய மாடலும் சேரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. நான் வாங்கிய மாடல் சில வருடத்தில் விற்பனையிலிருந்து போய்விட்டது. கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, பேட்டரியும் கடையில் கிடைக்கும் காசு வடிவ CR2450தான். ஆனால் ஹோஸ் பழசாகி மாற்ற நினைத்தபோது அந்த முனையோடு ஹோஸ் தேடி அலைய வேண்டியிருந்தது. கிடைத்தபோது இரண்டாக வாங்கி வைத்துவிட்டேன். மாத்திரை டப்பா போல அதோடு ஒரு ஸ்பூலும் சில ஓ-ரிங்குகளும் பையில் நிரந்தரமாக இருக்கின்றன. இப்போது யாராவது கேட்டால், கம்ப்யூட்டர் வாங்கும் அன்றே உபரி ஹோஸும் வாங்கிவிடுங்கள் என்பேன்.

நீருக்குள் எப்படி? படிப்பதற்கு அருமை. பெரிய எண்கள், கண்ணாடி போடும் வயதுக்காரர்களுக்கு வரப்பிரசாதம். கையில் கட்டும் கம்ப்யூட்டரில் அதே தகவலை அடைக்க எழுத்தைச் சுருக்க வேண்டியிருக்கும்.

ஆனால் மேலே ஏறும்போது கை போதாது. ஹோஸ் இடது பக்கமிருந்து வருகிறது, பிசிடியின் காற்று விடும் குழாயும் இடது பக்கம்தான். இடது கை குழாயை உயர்த்திப் பிடிக்க, வலது கை கன்சோலைப் பிடிக்க வேண்டும். நீரோட்டத்தில் கயிற்றையும் பிடிக்க வேண்டுமென்றால் மூன்றாவது கைக்கு எங்கே போவது? கையில் கட்டியிருந்தால் குழாயைத் தூக்கும்போதே ஏறும் வேகம் கண்ணில் படும். ஹோஸ் வகையின் உண்மையான குறை என்று நான் சொல்வது இதைத்தான். இன்னொன்று, கன்சோல் கீழே தொங்கினால் அது காட்டும் ஆழம் உங்கள் மார்பின் ஆழத்தைவிட அரை மீட்டருக்கு மேல் கூடுதலாக இருக்கலாம். மேலே வரும் முன் சில நிமிடம் நிற்கும் 5 மீட்டர் சேஃப்டி ஸ்டாப்பில் இதைக் கவனித்துப் பாருங்கள். கிளிப் ஒன்று போட்டு நெஞ்சோடு மாட்டுவது நல்லது, பவளப்பாறையில் இழுபடாமலும் இருக்கும்.

மீதிக் காற்று நேரம் என்று நிமிடத்தில் காட்டும் எண்ணைப் பற்றி. புதியவர்கள் இதில் மயங்கிவிடுவார்கள். வெயிலில் கிடந்த சிலிண்டர் தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து அழுத்தம் குறையும். 200 பாரில் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.7 பார். 15 டிகிரி குளிர்ந்தால் மூச்சே விடாமல் 10 பார் போய்விடும். கம்ப்யூட்டருக்கு இது நீங்கள் சுவாசித்ததாகத் தெரியும், அதனால் முதல் சில நிமிடம் அந்த எண் தாறுமாறாக இருக்கும். பிறகு நிலைபெறும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2400 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு 30 மீட்டரில், அதாவது 4 பாரில், 80 லிட்டர் ஆகும். மொத்தமும் 30 நிமிடத்தில் காலி, ஏற்றத்துக்கும் இருப்புக்கும் ஒதுக்கினால் அதிலும் கணிசமாகக் குறையும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் திரையில் வரும் நிமிடம் சரியா தவறா என்று ஒரு பார்வையில் தெரியும். நான் இன்னமும் பார் எண்ணைப் பார்த்துத்தான் திரும்புகிறேன். நிமிடம் இரண்டாவது அபிப்பிராயம்.

எல்லாம் ஒரே பெட்டியில் இருப்பதன் மறுபக்கம், அந்தப் பெட்டி அணைந்தால் ஆழம், டீகோ, காற்று மூன்றும் ஒரே நொடியில் போய்விடும். எனக்கு ஒரு முறை திரை மங்கியது, பேட்டரி அறையின் ஓ-ரிங் வழியே ஈரம் ஏறியிருந்தது. பயப்படும்படி எதுவும் ஆகவில்லை, ஏனென்றால் இரண்டாவது ஹை பிரஷர் போர்ட்டில் சின்ன முள் கேஜ் ஒன்றும் கையில் எளிய கம்ப்யூட்டர் ஒன்றும் எப்போதும் வைத்திருப்பேன். ஸ்டாப் முடித்து மேலே வந்தோம். கையிலிருந்த கம்ப்யூட்டர் எல்லா டைவ்களிலும் கூடவே இருந்ததால் உடம்பிலுள்ள நைட்ரஜன் கணக்கு அதில் பத்திரமாக இருந்தது. அது இல்லையென்றால் 24 மணி நேரம் தண்ணீர்ப் பக்கம் போகாமல் இருந்திருக்க வேண்டும். ரெகுலேட்டரில் ஒரே ஒரு ஹை பிரஷர் போர்ட் மட்டும் இருந்தால் இந்த ஏற்பாடு முடியாது, வாங்கும் முன் எண்ணிப் பாருங்கள்.

யாருக்கு இது பொருந்தும்? சொந்த ரெகுலேட்டர் வைத்திருப்பவர், அடிக்கடி பயணிப்பவர், டிரான்ஸ்மிட்டரோடு மல்லுக்கட்ட விரும்பாதவர், பெரிய எழுத்து வேண்டுபவர். கேமராவை இரண்டு கையாலும் பிடித்தே திரிபவர்களுக்கும், ஹோஸ்களைக் குறைத்துக்கொண்டே போகும் டெக்னிக்கல் டைவர்களுக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். டைவ் செய்வதே அபூர்வம் என்றால் முள் கேஜும் கையில் கட்டும் சாதாரண கம்ப்யூட்டரும் தாராளமாகப் போதும்.

பழையது வாங்குகிறீர்கள் என்றால் திரை எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பேட்டரி மூடியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வளையத்தை இழுத்துவிட்டால் தானாகத் திரும்பி உட்கார வேண்டும், அரைகுறையாக நின்றால் உள்ளே உப்பு இருக்கிறது. கன்சோலைக் கழற்றிய பிறகு ஹோஸ் முனை தானாக அடைத்துக்கொள்ளுமா, அல்லது கன்சோல் இல்லாமல் டைவ் செய்ய ஹோஸையே எடுத்து போர்ட்டில் பிளக் போட வேண்டுமா என்று கேளுங்கள். பிறகு நிரம்பிய சிலிண்டரில் மாட்டி, இணைப்பையும் ஸ்விவலையும் ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, கன்சோலை மெதுவாகத் திருப்பியபடி சில நிமிடம் பாருங்கள். அசையாமல் வைத்தால் வராத குமிழ் திருப்பும்போது வரும். வந்தால் ஸ்பூல் கிடைக்கும் மாடலா என்று விசாரித்துவிட்டு விலை பேசுங்கள், கிடைக்காது என்றால் விட்டுவிடுங்கள்.