கடல் கடந்த பேரம்: ஈபேயில் என் அனுபவம்

இணைய விற்பனைத் தளமான ஈபேயின் இந்தியப் பிரிவு 2018 ஆகஸ்டில் மூடப்பட்ட பிறகு, அதன் அமெரிக்கத் தளத்தின் வழியாக ஜப்பானிய விற்பனையாளர்களிடம் பழைய கேமரா லென்ஸ்களை வாங்கத் தொடங்கினேன். இதுவரை வாங்கிய பதினேழில் மூன்றை மட்டுமே குறித்த விலைக்கு வாங்கினேன். மற்றவை அனைத்தும் பேரத்தில் வந்தவை.

சென்னை பர்மா பஜாரில் பேரம் பழகியவன் நான். சொன்ன விலையில் பாதிக்குக் கேட்பது, கடைக்காரர் முகம் சுளித்தால் நான்கு அடி நடப்பது, கூப்பிட்டால் திரும்பி வருவது என்பதே அங்குள்ள முறை. அதே பழக்கத்தில் 90 டாலர் லென்ஸ் ஒன்றுக்கு 45 டாலர் என்று அனுப்பினேன்; அடுத்த நொடியே மறுப்பு வந்தது. வாங்குபவர் தம் விலையைச் சொல்லிக் கேட்கும் 'பெஸ்ட் ஆஃபர்' வசதியைத் திறந்து வைத்திருக்கும் விற்பவர், இன்ன தொகைக்குக் கீழே கேட்டால் தானாக நிராகரிக்கும்படியும், இன்ன தொகைக்கு மேல் கேட்டால் தானாக ஏற்கும்படியும் முன்பே அமைத்துவிட முடியும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு பொருளுக்குப் பெரும்பாலும் ஐந்து முறைதான் விலை கேட்க முடியும் என்பதால், பாதி விலையில் தொடங்குபவர் தம் வாய்ப்புகளை இயந்திரத்திடமே தீர்த்துவிடுகிறார். நடந்து காட்டுவதற்கு இங்கே கடை வாசலும் இல்லை.

இப்போது 12 முதல் 18 விழுக்காடு வரை குறைத்துக் கேட்கிறேன். காலை ஆறு மணிக்கு அனுப்பினால் ஜப்பானில் மணி ஒன்பதரை. விற்பவர் வேலையைத் தொடங்கும் நேரம் அது. இரவில் அனுப்பியவற்றை விட இவற்றுக்கு மறுவிலை (விற்பவர் பதிலுக்குச் சொல்லும் விலை) வருவது எனக்கு அதிகமாகவே இருந்திருக்கிறது.

விலை இறங்குவதில் நாணய மாற்றுக்கும் பங்குண்டு. 2021 தொடக்கத்தில் 100 டாலர் விற்பவருக்கு ஏறக்குறைய பத்தரை ஆயிரம் யென். 2024 கோடையில் அதே தொகை 16,000 யென்னைத் தொட்டது. எனக்கோ அது 7,300 ரூபாயிலிருந்து 8,300 ரூபாயாக ஏறியது. டாலர் விலையைச் சற்றுக் குறைத்தாலும் அவருக்கு யென் கணக்கில் முன்பை விட அதிகமே கிடைக்கிறது என்பதால், அந்த ஆண்டில் நான் கேட்ட குறைப்புகள் எளிதாகக் கிடைத்தன.

மிக நன்றாக நடந்த பேரம் ஒன்றைச் சொல்கிறேன். ஒசாகாவைச் சேர்ந்த ஒருவர், சூப்பர் டாக்குமார் என்ற பழைய லென்ஸை (50 மில்லிமீட்டர், எஃப் 1.4) 118 டாலருக்குப் போட்டிருந்தார். அந்த வகையின் ஏழு கண்ணாடி கொண்ட பதிப்பில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் கலந்த கண்ணாடி உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தேநீர் நிறத்துக்கு மாறும். புற ஊதா ஒளியில் சில நாள்கள் வைத்தால் நிறம் பெருமளவு தெளிந்துவிடும். அவர் போட்டிருந்த ஆறாவது படத்தில் வெள்ளைத் தாளின் மேல் லென்ஸை வைத்திருந்தார். கண்ணாடி வழியே தெரிந்த தாள் மஞ்சளாக இருந்தது. "கண்ணாடி மஞ்சளாகியிருப்பதை ஆறாவது படத்தில் கண்டேன், அதை நானே சரிசெய்து கொள்வேன். 98 டாலருக்குத் தர இயலுமா?" என்று எளிய ஆங்கிலத்தில் எழுதினேன். ஐந்து மணி நேரத்தில் 102 என்று பதில் வந்தது, ஏற்றுக்கொண்டேன். காரணத்தோடு கேட்கும்போது, பொருளை உற்றுப் பார்த்திருக்கிறார், வாங்கிய பின் தகராறு செய்ய மாட்டார் என்ற நம்பிக்கை விற்பவருக்கு வருகிறது. ஒரு முறை ஏற்கப்பட்டால் வாங்கியே ஆக வேண்டும் என்பதால், வாங்கும் எண்ணம் இல்லாமல் விலை கேட்பது மரியாதையுமல்ல, முறையுமல்ல.

பொருளின் விலையை மட்டும் பார்த்துப் பேரம் பேசியது தொடக்கத்தில் நான் செய்த பெரிய தவறு. இந்தியாவில் சுங்க வரி, பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. 10 டாலர் குறைத்துவிட்டு 25 டாலர் ஷிப்பிங்குக்குத் தலையாட்டினால் மிச்சம் ஒன்றுமில்லை. ஒரே விற்பவரிடம் இரண்டு லென்ஸ்களைத் தேர்ந்து, ஒரே பெட்டியில் அனுப்பக் கேட்பது விலைக் குறைப்பை விடப் பயன் தந்திருக்கிறது. பரிசுப் பொருள் என்றோ விலையைக் குறைத்தோ பார்சலில் எழுதித் தரும்படி கேட்பவர்கள் உண்டு. அது பொய் அறிவிப்பு. நான் ஒருபோதும் கேட்டதில்லை, யாரும் கேட்க வேண்டாம் என்றும் வேண்டுகிறேன்.

ஒரு முறை ஏமாந்தேன். பூஞ்சை இல்லை என்று எழுதியிருந்த லென்ஸில், டார்ச் அடித்துப் பார்த்தபோது பின்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. விற்பவர், புகாரைப் பதிவு செய்யாமல் இருந்தால் 15 டாலர் தனியாக அனுப்புவதாகச் சொன்னார். தளத்துக்கு வெளியே பணம் கைமாறினால், வாங்குபவருக்குத் தளம் தரும் பாதுகாப்பு போய்விடும் என்பதால் மறுத்துவிட்டு, பொருள் கைக்கு வந்த 30 நாள்களுக்குள் அளிக்க வேண்டிய புகாரை அன்றே அளித்தேன். முழுத் தொகையும் திரும்பியது. அதன் பிறகு, விலை கேட்பதற்கு முன்பே, பின்பக்கத்திலிருந்து ஒளி பாய்ச்சிய படம் ஒன்றைக் கேட்டு வாங்குகிறேன். தர மறுப்பவரிடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்குவதில்லை.

சென்ற ஆண்டு அந்த ஒசாகா விற்பவரிடம் வேறொரு லென்ஸின் துளை வளையம் (ஒளி நுழையும் துளையின் அளவை மாற்றும் வளையம்) இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். சற்றுத் தளர்வு உண்டு என்று எழுதி, 85 டாலர் பொருளுக்கு 72 என்ற விலையையும் அவரே பதிலோடு இணைத்து அனுப்பியிருந்தார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.