ஏழு ஆண்டுகளாக ஓடும் என் லினக்ஸ் டிவி பதிவுப் பெட்டி

டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய நானே கட்டிய, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் பெட்டிக்கு இப்போது ஏழு வயது. பழைய டெஸ்க்டாப் ஒன்று, டிவி சிக்னலை வாங்கிக் கணினிக்குத் தரும் இரண்டு யூஎஸ்பி டியூனர்கள், 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க், கூரை மேல் ஓர் ஆன்டெனா, அவ்வளவுதான். பதிவு செய்யும் மென்பொருள் முதல் இரண்டு ஆண்டுகள் மித்டிவி, அதன் பிறகு டிவிஹெட்எண்ட். பதிவானதைப் பார்ப்பதற்கு ‘கோடி’ (Kodi) என்ற மென்பொருள்.

பதிவுப் பெட்டியில் கோளாறு நடப்பது ஒரு நேரம், அது நம் கண்ணில் படுவது வேறொரு நேரம். செவ்வாய் இரவு பதிவானது கெட்டிருக்கிறது என்று ஞாயிறு பார்க்க உட்காரும்போதுதான் தெரியும். அதற்குள் என்ன நடந்தது என்று சொல்ல ஒரு தடயமும் மிஞ்சியிருக்காது. இதைப் புரிந்துகொள்ளாமல் முதல் ஓராண்டை ஊகத்திலேயே கழித்தேன்.

என்னை அதிகம் அலைக்கழித்தது படம் கட்டம் கட்டமாக உடைவதுதான். ஒரு மணி நேரப் பதிவில் ஏழெட்டு இடங்களில் படம் சிதறும், ஒலி விக்கும். ஹார்ட் டிஸ்க்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். சாதாரணத் தரச் சேனல் ஒன்று நொடிக்கு 4 மெகாபிட் அளவில் வருகிறது, மணிக்கு 1.8 ஜிபி. அந்த வேகத்தை எழுதத் திணறும் டிஸ்க் இன்று கிடையாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலே டிஸ்க்கை மாற்றினேன். படம் உடைவது அப்படியே இருந்தது.

அப்புறம்தான் ஒழுங்காகச் சோதித்தேன். பத்து நிமிடம் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் நினைவகத்திலேயே பதிவு செய்தேன். அதற்கு 300 எம்பி போதும். அதிலும் உடைந்தது. ஆக, டிஸ்க் மேல் குற்றம் இல்லை. டியூனரின் அளவீடுகளை நொடிக்கொரு முறை காட்டும் கட்டளையை ஓட விட்டு உட்கார்ந்தேன். சிக்னல் வலிமை 95 சதவீதம் என்று காட்டியது. ஆனால் பக்கத்திலேயே இருந்த இன்னொரு எண், பிழையோடு வந்து திருத்த முடியாமல் போன தரவுத் தொகுதிகளின் எண்ணிக்கை, ஏறிக்கொண்டே இருந்தது. வலிமை இவ்வளவு இருக்கும்போது பிழை எங்கிருந்து வருகிறது?

சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரிலிருந்து. ஒரு கேபிளை ஸ்பிளிட்டர் மூலம் இரண்டு டியூனருக்குப் பிரிக்கும்போது ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 3.5 டெசிபல் குறையும் என்பதற்காக, முன்னெச்சரிக்கையாகப் பூஸ்டர் மாட்டியிருந்தேன். ஏற்கெனவே நன்றாக வரும் சிக்னலை அது மேலும் பெருக்கி, டியூனர் தாங்காத அளவுக்குக் கொண்டுபோய்விட்டது. பூஸ்டரைக் கழற்றினேன். வலிமை 60க்கு இறங்கியது, பிழை எண் பூஜ்யத்தில் நின்றது. அன்றிலிருந்து வலிமை என்ற எண்ணை நான் பெரிதாக மதிப்பதில்லை. பிழை எண்ணிக்கையைப் பாருங்கள், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள்.

இரண்டு ஆண்டு கழித்து அதே நோய் திரும்பி வந்தது. ஆனால் இந்த முறை திருத்த முடியாத தொகுதிகள் பூஜ்யம். இந்த வித்தியாசம்தான் வழி காட்டியது. டிவி ஓடை 188 பைட் பொட்டலங்களாக வருகிறது. படம், ஒலி என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை; ஒவ்வொரு வரிசையின் பொட்டலத்திலும் 0 முதல் 15 வரை சுழலும் ஒரு தொடர் எண் உண்டு. நடுவில் ஓர் எண் விட்டுப்போனால் பொட்டலம் தொலைந்தது என்று பொருள். டியூனர் வரை பிழையில்லை, கோப்பில் தொடர் எண் விட்டுப்போகிறது என்றால், டியூனருக்கும் கோப்புக்கும் நடுவில்தான் எங்கோ ஓட்டை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதி வைக்கும் நிகழ்வுக் குறிப்பைத் திறந்தால் யூஎஸ்பி சாதனம் துண்டிக்கப்பட்டது, மீண்டும் இணைந்தது என்று வரிசையாக இருந்தது. இரண்டு டியூனரையும் தனி மின்சாரம் இல்லாத ஒரே ஹப்பில் (ஒரு யூஎஸ்பி போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) மாட்டியிருந்தேன். யூஎஸ்பி 2 போர்ட் தருவதே 500 மில்லி ஆம்பியர், அதை இரண்டும் பங்கு போட்டன. தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்கி மாட்டியதும் சரியானது.

ஃபர்ம்வேர், அதாவது டியூனர் இயங்க அதற்குள் ஏற்ற வேண்டிய சிறு மென்பொருள், அந்த விஷயத்திலும் ஒரு முறை ஏமாந்தேன். லினக்ஸைப் புதிதாக நிறுவி, மறுதொடக்கம் செய்து பார்த்தேன், எல்லாம் ஓடியது. ஒரு வாரம் கழித்து மின்வெட்டு. மின்சாரம் வந்தபின் ஒரு டியூனரைக் காணவில்லை. ஃபர்ம்வேர் கோப்பு இல்லை, பிழைக் குறியீடு -2 என்று கெர்னல் சொன்னது. முந்தைய நிறுவலில் ஏற்றிய ஃபர்ம்வேரை, மின்சாரம் துண்டிக்கப்படாத வரை டியூனர் தன்னிடமே வைத்திருந்திருக்கிறது. புதிய நிறுவலில் அந்தக் கோப்பு முதலிலிருந்தே இல்லை. இப்போதெல்லாம் எந்த மாற்றம் செய்தாலும் ஒரு முறை மின்கம்பியையே பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டு, மாட்டிப் பார்க்கிறேன்.

தானாக விழித்தெழும் வசதிக்கும் நிறைய இரவுகள் போயின. பதிவு இல்லாத நேரத்தில் பெட்டி அணைந்திருக்க வேண்டும், பத்து நிமிடம் முன்னதாகத் தானே எழ வேண்டும். மதர்போர்டு கடிகாரத்தில் அலாரம் வைப்பது எளிது: பழைய அலாரத்தை அழிக்க முதலில் 0 எழுதி, பிறகு 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகளில் நேரத்தை எழுத வேண்டும். நான் சரியாகத்தான் எழுதினேன், பெட்டி எழவில்லை. அணையும்போது லினக்ஸ் கணினி நேரத்தை அதே கடிகாரத்தில் எழுதுகிறது. என் மதர்போர்டில் அந்த எழுத்து அலாரத்தையும் கலைத்துவிட்டது. அணைவின் கடைசிப் படியாக அலாரத்தை நகர்த்தியதும் தீர்ந்தது. கடிகாரம் சர்வதேச நேரத்தில் இருக்கிறதா உள்ளூர் நேரத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மித்டிவியிலிருந்து மாறியதற்குக் காரணம் ஒன்றுதான். அது எல்லாவற்றையும் தரவுத்தளத்தில் வைக்கிறது. இன்னொரு மின்வெட்டில் அது பழுதானபோது என்னிடம் காப்புப் பிரதி இல்லை. வீடியோ கோப்புகள் பத்திரமாக இருந்தன, எது என்ன நிகழ்ச்சி என்ற விவரம் போயிற்று. டிவிஹெட்எண்ட் தன் அமைப்புகளைச் சாதாரண உரைக் கோப்புகளாக வைப்பதால் ஒரு கோப்புறையை நகலெடுத்தால் போதும். இருந்தாலும், விளம்பர இடங்களைத் தானே கண்டுபிடித்துக் குறித்து வைக்கும் மித்டிவியின் வசதி இன்றும் எனக்கு இல்லாத குறைதான்.

ஹார்ட் டிஸ்க் உண்மையாகவே காரணமாக இருந்தது ஒரே ஒரு முறை, அதுவும் டிஸ்க் அல்ல, கேபிள். டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆம் எண், அதாவது தரவுப் பரிமாற்றப் பிழை, ஏறிக்கொண்டிருந்தது. டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினேன், நின்றது.

இப்போது ஒவ்வொரு பதிவும் முடிந்ததும் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் ஓடுகிறது. தொடர் எண் பிழைகள், கெர்னல் குறிப்பில் அந்தப் பதிவு நேரத்துக்கான பகுதி, டியூனரின் பிழை எண்ணிக்கை மூன்றையும் வீடியோவின் பெயரிலேயே ஒரு உரைக் கோப்பாக வைத்துவிடும். ஞாயிறு படம் உடைந்தாலும் செவ்வாய் என்ன நடந்தது என்று கையில் இருக்கும். ஏழாண்டில் இந்தப் பெட்டிக்கு நான் செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டும். இரண்டு மாதமாக அந்தக் கோப்புகள் ஒன்றைக் காட்டுகின்றன: மழை பெய்யும் இரவுகளில் மட்டும், இரண்டு டியூனரிலும் ஒரே நொடியில் இரண்டு மூன்று பிழைகள். இரண்டிலும் சேர்ந்து வருவதால் கோளாறு ஸ்பிளிட்டருக்கு முன்னால். ஆன்டெனாப் பக்கத்துக் கனெக்டரில் தண்ணீர் இறங்குகிறது என்று நினைக்கிறேன். இந்த வாரம் கூரையேறி அதை வெட்டிப் புதிதாகப் போட வேண்டும்.