கூகுள் எர்த் ப்ரோ: காட்பாடி ஏரிகளை வைத்துப் பார்த்ததில்

நாங்கள் நாலைந்து பேர் காட்பாடிப் பக்கத்து ஏரிகளைக் கூகுள் எர்த் ப்ரோவில் (பூமியை செயற்கைக்கோள் படங்கள் ஒட்டிய உருண்டையாகக் கணினியில் காட்டும் மென்பொருள்) குறித்து வருகிறோம். கரை எது, மதகு எங்கே, கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழியும் இடம்) எங்கே, வரத்துக் கால்வாய் எந்த மதில்சுவருக்கு அடியில் காணாமல் போகிறது, எல்லாம். 2021 நவம்பரில் பாலாறு ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் இந்த வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. மென்பொருளுக்குச் செலவில்லை. ஒரு காலத்தில் வருஷத்துக்கு 399 டாலர், 2015 முதல் இலவசம்.

ஆரம்பத்தில் கேஎம்இசட் கோப்பை (நாங்கள் குறித்ததெல்லாம் இதில்தான் இருக்கும்) வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒருவர் கழிஞ்சூரைத் திருத்துவார், இன்னொருவர் தாராபடவேட்டைத் திருத்துவார், கடைசியில் ‘புதுசு’, ‘புதுசு 2’, ‘இதுதான் கடைசி’ என்று ஆளுக்கொரு வரைபடம். தீர்த்து வைத்தது நெட்வொர்க் லிங்க். கோப்பை ஒரு சர்வரில் வைத்துவிட்டு, அதன் முகவரி மட்டும் உள்ள குட்டிக் கோப்பை எல்லோருக்கும் கொடுத்தால் போதும். இங்கே ஒரு கலங்கலை நீலத்துக்கு மாற்றினால் (தண்ணீர் வழிகிறது என்று அர்த்தம்), சத்துவாச்சாரியில் திறந்து வைத்திருப்பவரின் உருண்டையிலும் கொஞ்ச நேரத்தில் நீலமாகிவிடும். எத்தனை நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்று நாமே வைக்கலாம். நான் அவசரக் குடுக்கை, பத்து விநாடி வைத்தேன், ஹாட்ஸ்பாட்டில் பார்த்தவர்களின் டேட்டா கரைந்து திட்டு வாங்கினேன். பத்து நிமிடம் தாராளம்.

கேஎம்எல்லை (கேஎம்இசட் கோப்புக்குள் சுருக்கி வைத்திருக்கும் எழுத்து வடிவம்) கையால் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: அதில் தீர்க்கரேகைதான் முதலில், அட்சரேகை அப்புறம். நான் பழக்கத்தில் 12.9, 79.1 என்று எழுதிவிட்டு ஏரியைத் தேடினால், அது வட துருவத்துக்குப் பக்கத்தில், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவில் பனிமலைகளுக்கு நடுவே கிடக்கிறது. வேலூர் வெயிலுக்குப் போய் வரலாம்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, மலை உயரத்தை மூன்று மடங்கு வரை மிகைப்படுத்திக் காட்டும் வசதி. எந்தச் சரிவுத் தண்ணீர் எந்த ஏரிக்கு இறங்கும் என்பது தட்டையான வரைபடத்தில் பிடிபடாதவர்களுக்கும் இதில் பளிச்சென்று தெரிகிறது. பழைய செயற்கைக்கோள் படங்களை வருஷ வாரியாகத் தள்ளிப் பார்க்கவும் முடியும், ஏரிக்குள் வீடு எப்போது முளைத்தது என்று தெரிய அதுவே போதும்.

சர்வர் படுத்தால் லேயரும் (படத்தின் மேல் நாம் குறித்துப் போடும் அடுக்கு) படுத்துவிடும். நாங்கள் மலிவு வாடகைக்குப் பிடித்த சர்வர் ஒரு மழை ராத்திரியில், சரியாகத் தேவைப்பட்ட நேரத்தில் கைவிரித்தது. அதனால் இப்போது ஒரு நகல் எப்போதும் பென் டிரைவில்.

இன்னொன்று, ‘லைவ்’ என்று சொல்லி யாருக்கும் காட்டாதீர்கள். லைவாக மாறுவது நாம் போடும் லேயர்தான், அடியில் இருக்கிற படம் என்றைக்கோ எடுத்தது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அதை விளக்கி முடித்த பிறகும், “அப்போ மாடியில காயப்போட்ட வத்தல் ஏன் தெரியல?” என்றுதான் கேட்டார்.