பிஎல்டிசி சீலிங் ஃபேன்: வாட் சரி, போர்டு?

கரியமில வாயுவைக் குறைக்க வீட்டில் குறைந்த செலவில் என்ன செய்யலாம் என்றால், கூரையில் சோலார் போடுவதற்கு முன் தலைக்கு மேல் சுற்றுவதைத்தான் பார்க்கவேண்டும். பழைய 48 அங்குல ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் 28 முதல் 35 வாட்டில் அதே காற்றைத் தரும். ரோட்டரில் நிரந்தரக் காந்தம் இருப்பதால், அங்கே மின்சாரம் சூடாகி வீணாவதில்லை.

2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். ஆனால் கடையில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்பதை வாட்டால் வகுத்துப் பாருங்கள். 2023-ல் வந்த அளவுகோலின்படி 1200 மி.மீ. (48 அங்குல) ஃபேனில் அது 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஐந்து நட்சத்திரம். 220 கன மீட்டர், 28 வாட் என்றால் 7.9; அதே காற்றுக்கு 35 வாட் என்றால் 6.3. இரண்டுக்கும் ஒரே ஐந்து நட்சத்திரம்தான்! "வெறும் 26 வாட்" என்று விற்பதில் காற்றின் அளவையும் கேளுங்கள்; சிலவற்றில் காற்றைக் குறைத்துத்தான் வாட்டைக் குறைத்திருப்பார்கள்.

மிச்சம் எவ்வளவு? 75 வாட்டை 30 ஆக்கினால், தினம் 12 மணி நேரம் ஓடும் ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட். நிலக்கரி அதிகம் கலந்த நம் மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால், ஆண்டுக்கு 140 கிலோ வரை குறையும். பணக் கணக்கு வேறு. யூனிட் 5 ரூபாய் என்றால் இரண்டு மாதத்துக்கு 160 ரூபாய். விலை வித்தியாசம் 1,200 என்றால் ஒன்றேகால் வருடத்தில் கைக்கு வந்துவிடும். இருப்பது ஏற்கெனவே 50 வாட் ஃபேன் என்றால் ஓடுவதைக் கழற்றிப் புதிது போடாதீர்கள், அது பழுதாகும்வரை விடுங்கள். தமிழ்நாட்டில் பில் இலவச யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு இதில் ஒரு பைசா லாபமில்லை. லாபமெல்லாம் மானியம் கொடுக்கும் அரசுக்கு. அதனால்தான் மின்சிக்கனத்துக்கான பொதுத்துறை நிறுவனமான இஇஎஸ்எல் 1 கோடி ஃபேன் என்று மொத்தக் கொள்முதலில் இறங்கியதை நியாயமான கொள்கை என்று சொல்லவேண்டியிருக்கிறது.

இனி கோளாறுகள். பழைய ஃபேனில் கண்டென்சர் போனால் சில்லறைக் காசு, தெருமுனை எலெக்ட்ரீஷியன் மாற்றிவிடுவார். பிஎல்டிசியில் அந்தக் கண்டென்சர் கிடையாது. மோட்டாரை ஓட்டும் மின்னணுப் போர்டுதான் உயிர். அது சாவதற்கு ஒரு முக்கியக் காரணம் சுவரில் இருக்கும் ரெகுலேட்டர். ரெகுலேட்டர் மின்அலையை நறுக்கி அனுப்ப, போர்டின் உள்ளீட்டுப் பகுதி சூடேறி வீங்கும். "ஃபுல்லில் வைத்தால் போதும்" என்பது அரைகுறை யோசனை, யாராவது ஒருநாள் திருகத்தான் போகிறார்கள். எம்சிபியை (மின்பெட்டியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்து, ரெகுலேட்டருக்கு வரும் இரண்டு ஒயரையும் ஒன்றாக இணைத்து இன்சுலேஷன் போட்டு, ரெகுலேட்டரையே எடுத்துவிட வேண்டும். அடுத்த எமன், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரின் தளர்வு. நியூட்ரல் விட்டால் வீட்டுக்குள் 230-க்குப் பதில் 350, 400 வோல்ட் வரை வரலாம், பல போர்டுகள் தாங்காது. லைட் திடீரென்று பளிச்சென்று எரிந்து மங்கினால் ஃபேன் மாட்டுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

ரிமோட் இரண்டு வகை. அகச்சிவப்பு ரிமோட்டை ஃபேனை நோக்கி நீட்டவேண்டும். ரேடியோ ரிமோட்டுக்கு அது வேண்டாம். ரிமோட் தொலைந்தால் சுவிட்சை அணைத்துப் போட்டே வேகம் மாற்றும் வசதி உள்ள மாடல்தான் வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குச் சரி. மின்தடைக்குப் பின் பழைய வேகத்திலேயே தொடங்குகிறதா என்பதையும் கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது கண்ணை மூடிக்கொண்டு வாங்கவேண்டிய பொருள். நான்கு ஃபேனுக்கு 300 வாட் போன இடத்தில் 120 போதும். அதே பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும்.

நட்சத்திர முத்திரையில் எனக்கு ஒரு குறை உண்டு. ஃபேனைப் பழுது பார்க்க முடியுமா என்று அது சொல்வதில்லை. போர்டு தனியாகக் கிடைக்காமல் மூன்றாம் வருடமே முழு ஃபேனையும் தூக்கிப்போட நேர்ந்தால் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். ஆகவே வாரண்டி எத்தனை வருடம் என்பதோடு நிறுத்தாமல், போர்டுக்கும் அதே வாரண்டிதானா, வாரண்டி முடிந்தபின் போர்டு என்ன விலை, வீட்டுக்கு வந்து மாற்றுவார்களா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.