செக் பவுன்ஸ் நோட்டீஸ் அனுப்பித் தருகிறோம் என்பவர்களிடம் உஷார்: 4,80,000 ரூபாய் செக் செல்லாக்காசாகிவிட்டது

கைமாற்றாகக் கொடுத்த 4,80,000 ரூபாய். சித்தப்பா அதை பாங்க் வழியாகத்தான் கொடுத்தார், எழுதியும் வாங்கினார். கடன் வாங்கியவர் அதற்குத் தந்த செக், "கணக்கில் பணமில்லை" என்ற பாங்க் மெமோவோடு திரும்பியது. செக் பவுன்ஸைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவுக்கு இதைவிட நல்ல கேஸ் கிடைக்காது. அதைத்தான் ஒரு ஆன்லைன் சட்ட சேவை கெடுத்து வைத்திருக்கிறது.

நம்ப வைத்தது அவர்கள் கேட்ட கேள்விதான். "மெமோ கைக்கு வந்த தேதி என்ன சார்? அதிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் போயாகணும், நாங்க பார்த்துக்கிறோம்." விஷயம் தெரிந்தவன் பேச்சு! கேட்டவுடன் சித்தப்பா 6,500 ரூபாய் கட்டிவிட்டார்.

பிறகு? "டிராஃப்ட் ரெடி சார், வக்கீல் கையெழுத்து மட்டும் பாக்கி." "டீமுக்குச் சொல்லியிருக்கோம் சார்." செக்கை மறுபடி பாங்கில் போடட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம் சார், கேஸ் வீக் ஆகிடும்" என்றார்கள். அப்பட்டமான பொய். செக் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் எத்தனை முறையும் போடலாம், கடைசி மெமோவை வைத்துப் புதிதாக நோட்டீஸ் விடலாம். 2012-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய விஷயம் இது.

நோட்டீஸ் போனது 30 நாள் கழித்து. செக்கின் 3 மாதமும் முடிந்துவிட்டது. கோர்ட்டில் புகார் போடத் தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம், நோட்டீஸ் தாமதத்துக்கு அந்த வழியே இல்லை. கேட்டால், "எங்க வக்கீல் தனி ஆள் சார், நாங்க வெறும் தளம்தான்." வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்ற 2024 தீர்ப்பையும் நமக்கே ஓதுகிறார்கள். தளம் வாங்கிய 6,500-க்கு யார் பதில்?

இனி 4,80,000-க்கு மிச்சம் சிவில் வழக்குதான். எழுத்தில் ஆதாரம் இருப்பதால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 37-ன் கீழ் சுருக்க வழக்காக (நீண்ட விசாரணையில்லாமல் சீக்கிரம் முடிக்கும் வகை) போடலாம். சம்மன் கிடைத்த 10 நாளில் எதிராளி ஆஜராகாவிட்டால் தீர்ப்பு நமக்கு. ஆனால் தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம், அதாவது இன்னும் 14,400 ரூபாய். செக் கேஸில் இருக்கும் 2 வருட ஜெயில் பயமும் இதில் கிடையாது.

எல்லா வழியும் விளக்கமாக எழுத நினைத்தேன், கோபத்தில் ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

மெமோ வந்த வாரமே உள்ளூர் வக்கீலைப் பாருங்கள். நோட்டீஸில் செக் தொகையையே, ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல், கேளுங்கள். வட்டி, செலவு இருந்தால் தனியாகக் காட்டுங்கள். தபால் ரசீதைக் கையில் வாங்காமல் "அனுப்பிட்டோம்" என்பதை நம்பாதீர்கள். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். புரோநோட்டு என்றால் சிவில் வழக்குப் போட எழுதிய தேதியிலிருந்தே 3 வருடம்தான், நீங்கள் கேட்ட தேதியிலிருந்து அல்ல. ஒரிஜினல் செக், மெமோ இரண்டையும் எந்தத் தளத்துக்கும் கூரியரில் அனுப்பிவிடாதீர்கள்.