மார்கழிப் பறவைகள்: வீட்டுத் தோட்டமா, ஏரிக்கரையா?

சென்னையில் இருப்பவர் முதலில் தோட்டத்தில் தொடங்குவதே நல்லது. ஐப்பசி முதல் ஆறுமணிக்குருவி, அரசவால் ஈப்பிடிப்பான், பழுப்புக் கீச்சான் ஆகியவை வலசை வரும். இவை பூச்சி தின்பவை. அரிசி, கம்பு இறைத்தால் புறாவும் காகமும்தான் கூடும். தேவை தண்ணீரும் சருகும். மண்தட்டில் 3 முதல் 5 செ.மீ. ஆழம் போதும், நடுவில் ஒரு கல். வழவழப்பான பிளாஸ்டிக் தட்டில் கால் வழுக்கும் என்பதால் குருவிகள் இறங்கத் தயங்கும். பூனை பதுங்கிப் பாயாதபடி புதரிலிருந்து 2 மீட்டர் தள்ளி வையுங்கள். நீரைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசுப்புழு வந்துவிடும். ஆறுமணிக்குருவி சருகைப் புரட்டித்தான் இரை தேடும். மரத்தடியைப் பெருக்கித் தள்ளும் தோட்டத்தில் அது தங்காது. அத்தனை அழகான பறவையை விளக்குமாற்றால் விரட்ட வேண்டாமே!

பள்ளிக்கரணை போன்ற நீர்நிலை வேறு உலகம். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, பூநாரை எதுவும் தோட்டத்துக்கு வராது. தோட்டத்துக்கு 8x42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) தாராளம். ஏரியில் தொலைவில் நிற்கும் உள்ளான்களை (சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகள்) பிரித்தறிய அது போதாது, டிரைபாடில் நிறுத்திய ஸ்பாட்டிங் ஸ்கோப் (பறவை பார்க்கும் சிறு தொலைநோக்கி) வேண்டும். காலையில் கிழக்குக் கரையில் நில்லுங்கள், வெயில் முதுகில் விழும். எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பு நிழல்தான். வெயில் ஏறினால் கானல் அலையில் உருவம் கலங்கும்.

மழை ஓய்ந்ததும் ஓடாதீர்கள். நீர் வடிந்து சேறு தெரியும் தை, மாசியில்தான் கரைப்பறவைகள் கூட்டமாக இரை தேடும். அதுவரை தோட்டமே போதும்.