110 வோல்ட் கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மருக்கு இரண்டு எம்சிபி: சில வருட அனுபவம்

எங்கள் மில்லில் மெஷின் பேனல்களில் இருப்பது 415 வோல்ட்டை 110 ஆக்கி மெஷினின் கன்ட்ரோல் சர்க்கியூட்டுக்குக் கொடுக்கும் 500 விஏ கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர். ஃபுல் லோடில் பிரைமரி (415 பக்கம்) 1.2 ஆம்பியர், செகண்டரி (110 பக்கம்) 4.5. பேனலோடு வந்தது பிரைமரியில் 2 ஆம்பியர் சி கர்வ் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்), செகண்டரியில் ஒரு கண்ணாடி ஃபியூஸ்.

கரண்ட் போய் வந்தால் சில நேரம் எம்சிபி விழுந்திருக்கும், சில நேரம் விழாது. லோடில் கோளாறே இருக்காது. சப்ளை வந்த முதல் சில மில்லிசெகண்டில் டிரான்ஸ்ஃபார்மர் ஃபுல் லோடைப்போல் 10, 15 மடங்கு இழுக்கும். வேவ் எந்த இடத்தில் இருக்கும்போது சுவிட்ச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். எம்சிபி தன் ரேட்டிங்கைப்போல் எத்தனை மடங்கில் உடனே விழும் என்பதைச் சொல்வதுதான் கர்வ்; சி கர்வ் 5 முதல் 10 மடங்குக்குள் விழுந்துவிடும். அதே 2 ஆம்பியரில் டி கர்வ் போட்டோம், அதற்கு 10 முதல் 20 மடங்கு. தொல்லை அத்தோடு தீர்ந்தது.

இதே தொல்லைக்கு இன்னொரு யூனிட்டில் பிரைமரியில் 6 ஆம்பியர் எம்சிபி மாட்டியிருந்தார்கள். ஒருநாள் சோலனாய்டு வால்வில் பிளஞ்சர் (காயில் இழுக்கும் இரும்புத் தண்டு) பாதியில் சிக்கியது. ஏசி காயில் அப்படி நின்றால் தொடர்ந்து அதிகமாக இழுக்கும். செகண்டரி ஃபியூஸ் இருந்த இடத்தில் நைட் ஷிஃப்ட் புண்ணியவான் யாரோ செம்புக் கம்பி சுற்றிவைத்திருந்தார். பிரைமரியில் லோடு இரட்டிப்பானாலும் 2.4 ஆம்பியர்தான், 6 ஆம்பியர் எம்சிபி அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. பேனலைத் திறந்தால் வார்னிஷ் கருகிய வாடை, தொட்டால் உதிரும் பழுப்பு டேப்.

ஓவர்லோடைப் பிடிப்பது செகண்டரி எம்சிபியின் வேலை. பிரைமரியில் இருப்பது முக்கியமாக ஷார்ட் சர்க்கியூட்டுக்கு. ஃபியூஸைக் கழற்றிவிட்டு, எர்த் செய்யாத முனையில் 4 ஆம்பியர் சி கர்வ் வைத்தோம். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. 60 மீட்டர் தள்ளியிருக்கும் லிமிட் சுவிட்சுக்கு (மெஷின் பாகம் வந்து தட்டினால் இயங்கும் சுவிட்ச்) 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். போக வர நாலரை ஓமுக்கு மேல் வரும். அந்த முனையில் ஷார்ட் ஆனாலும் 25 ஆம்பியரைத் தொடாது. 4 ஆம்பியர் சி கர்வ் கட்டாயம் உடனே விழ 40 வேண்டும், பி கர்வுக்கு 20 போதும். அதனால் நீள ஒயரிங் உள்ள பேனல்களில் பி கர்வ்.

குறை என்று சொன்னால் கோடைதான். எம்சிபி ரேட்டிங் 30 டிகிரிக்குச் சொல்வது. மூடிய பேனலுக்குள் மே மாதம் 50 தொடும்போது கொஞ்சம் சீக்கிரமே விழுகிறது. லோடு நெருக்கமாக உள்ள இரண்டு பேனல்களுக்கு மட்டும் எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க வேண்டியதாயிற்று.